டிராகனுக்குக் கோழி ஊட்டிய பெண்மணி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலை. காபியை ஆத்திக்கிட்டு இருக்கும்போது டொரண்டோவில் இருக்கும் அண்ணன் மகன் வாட்ஸப் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே சனிக்கிழமை ராத்திரி. பையனுக்கு வயசு பதினொண்ணு. அழுது முடிச்ச முகம். ஒண்ணும் பேசாமல் போனைத் திருப்பி மேசையைக் காட்டினான். ஒரு பேப்பர். அதன் மேல் ஒரு வால். வால் மட்டும். இன்னும் துடிச்சுக்கிட்டு இருந்தது.

"நான் அதைக் கொன்னுட்டேனா சித்தப்பா?"

விஷயம் இதுதான். பிறந்தநாளுக்கு அவனுக்கு ஒரு லெப்பர்ட் கெக்கோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சிறுத்தை மாதிரி மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட, கண்ணை மூடித் திறக்கத் தெரிந்த, தடிவால் பல்லி. வந்து ரெண்டு வாரம்தான் ஆகிறது. "தினமும் கையில் எடுத்தாத்தான் பழகும்"னு பள்ளிக்கூட நண்பன் எவனோ சொல்லியிருக்கிறான். இவனும் தினமும் எடுத்திருக்கிறான். அது தினமும் ஓடியிருக்கிறது. அன்றைக்கு ஓடும்போது பின்பக்கமாகப் பிடித்துவிட்டான். வால் கையோடு வந்துவிட்டது.

சாகாதுடா, வால் திரும்ப முளைக்கும், முன்னே மாதிரி அழகா இருக்காது, கொஞ்சம் உருண்டையா முள்ளங்கி மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்று சமாதானம் சொன்னேன். பையன் கொஞ்சம் தெளிந்தான். அப்புறம் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி.

"அப்ப அது எப்பத்தான் என் கைக்குத் தானா வரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. ஏன்னா நான் சின்ன வயசில் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்த ஜாதி. பிடித்து அதன் வாயில் மூக்குப்பொடியைத் தூவி, அது கிறுகிறுன்னு சுத்துவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்த கும்பலில் நானும் ஒருத்தன். இதைப் படிக்கிற ஆண்களில் பாதிப் பேர் அந்தக் கும்பலில் இருந்தவர்கள்தான், இல்லைன்னு சொல்லாதீங்க :-) ஊர்வன என்றால் கல்லெடு, சுருக்குப் போடு, இல்லாவிட்டால் பஞ்சாங்கத்தைப் புரட்டி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன்னு பாரு. அரணை கடிச்சா மரணம்னு பயமுறுத்து. (அரணைக்கு விஷமே கிடையாது, பாவம்.) நமக்கும் அதுகளுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

பையனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடியபோதுதான் முன்னே எப்போதோ படித்த ஒரு பெண்மணி ஞாபகம் வந்தார். பெயர் ஜோன் பீச்சம் ப்ராக்டர். உலகத்திலேயே பெரிய பல்லியை, அதாவது கொமோடோ டிராகனை, கையால் ஊட்டிப் பழக்கியவர். நம்மில் ரொம்பப் பேருக்குத் தெரியாத பெயர். அதனால் அவர் கதையையே இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

*

ப்ராக்டர் 1897-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா பங்குத் தரகர், அம்மா ஓவியம் வரைபவர். வசதியான வீடுதான். ஆனால் பொண்ணுக்கு உடம்பு சரியில்லை. குடலில் தீராத நோய். சின்ன வயசிலேயே ஆரம்பித்துக் கடைசிவரை விடாத நோய். நம்ம வீட்டில் நோஞ்சான் குழந்தை இருந்தால் நாய்க்குட்டிகூட வேண்டாம் என்போம். அந்த வீட்டில் பத்து வயசில் அந்தப் பொண்ணு பாம்பும் பல்லியும் வளர்த்திருக்கிறது. அதில் செல்லம், டால்மேஷியா கடற்கரைப் பக்கத்துப் பல்லி ஒன்று. நம்ம அரணையின் சாயலில் இருக்கும் வகை. அதை எங்கே போனாலும் கூடவே கொண்டு போவாராம். சாப்பிடும்போது மேசையில் பக்கத்திலேயே இருக்குமாம். அந்த அம்மாவின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்!

பதினாறு வயசில் ஒரு முதலைக் குட்டி கிடைத்தது. அதைப் பள்ளிக்கூடத்துக்கே, அதுவும் கணக்கு வகுப்புக்கு, கொண்டு போய்விட்டார். கணக்கு வாத்தியாரம்மா என்ன பாடுபட்டாரோ.

கேம்பிரிட்ஜ் போய்ப் படித்திருக்க வேண்டிய பெண். உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட நாளிலேயே அவரைக் கவனித்த ஒருவர் இருந்தார். ஜார்ஜ் ஆல்பர்ட் பௌலெஞ்சர். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊர்வனவற்றுக்கும் மீன்களுக்கும் பொறுப்பாளர். பெல்ஜியத்தில் பிறந்தவர். இந்தியப் பாம்பு, பல்லி, தவளைகளைப் பற்றிப் புத்தகம் எடுத்தால் அவர் பெயரைத் தாண்டாமல் போக முடியாது, அவ்வளவு இனங்களுக்குப் பெயர் வைத்தவர். அந்த மேதை 1916-ல் இந்தப் பத்தொன்பது வயசுப் பெண்ணைத் தன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பட்டம் இல்லை, கல்லூரி இல்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு 1920-ல் இருந்து அங்கே ஊர்வனப் பிரிவைக் கவனித்துக்கொண்டது ப்ராக்டர்தான்.

1923-ல் லண்டன் மிருகக்காட்சி சாலை அவரை ஊர்வனப் பிரிவின் காப்பாளராக நியமித்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேணும்? இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு, மெலிந்த உடம்பு, கையில் மலைப்பாம்பு! எழுதித் தள்ளினார்கள். அவர்கள் கவனித்தது பெண்ணையும் பாம்பையும். அவர் கவனித்தது வேறு. அதைச் சொன்னால்தான் டிராகன் கதை புரியும்.

*

நம்ம பையன் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுவோம். பல்லிக்கு நம்ம கை என்னவாகத் தெரியும்?

மேலே இருந்து வேகமாக இறங்குகிற எதுவும் அதுக்குப் பருந்து அல்லது பூனை. ஓணான், உடும்பு வகைகளுக்கு உச்சந்தலையில் வெளிச்சத்தை உணர்கிற ஒரு மூன்றாவது கண்ணே இருக்கிறது. நெற்றிக்கண் மாதிரி. எரிக்காது, நிழல் விழுந்தால் சொல்லும். (பல்லி இனத்துக்கு அது கிடையாது. ஆனால் பயம் அதுக்கும் உண்டு.) அந்தப் பயத்துக்கு இயற்கை கொடுத்த கடைசி உபாயம்தான் வாலைக் கழற்றிவிடுவது. வால் எலும்பிலேயே உடைவதற்கென்று கோடு போட்ட மாதிரி இடம் இருக்கிறது. தசை இறுகி அந்த இடத்தில் துண்டாகும். ரத்தம் அதிகம் வராது. துண்டான வால் துடிக்கும், எதிரி அதைப் பார்த்துக்கிட்டு நிற்கும், இது தப்பிக்கும். லெப்பர்ட் கெக்கோவுக்கு அந்தத் தடிவால்தான் சேமிப்புக் கணக்கு, கொழுப்பெல்லாம் அதில்தான். ஆக, அன்றைக்கு அது பையன் கையில் விட்டுவிட்டுப் போனது உயிர் பிழைக்கத் தன் சேமிப்பை எல்லாம்.

இன்னொரு விஷயம். ஊர்வனவற்றுக்கு உடம்புச் சூடு வெளியே இருந்துதான் வரணும். குளிர்ந்துபோன பல்லி பேசாமல் கையில் கிடக்கும். நாம் "அட, சாது!" என்போம். அது சாது இல்லை, விறைத்துப் போயிருக்கிறது. சூடு ஏறியதும் ஓடும். அதேபோல ஒளிந்துகொள்ள இடமில்லாத கூண்டில் இருப்பது, எலும்பு மெலிந்து நோயில் கிடப்பது, இதுகளும் அசையாது. பழகினதுக்கும் நொந்து கிடப்பதுக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதுதான் இந்த விஷயத்தில் மனுஷன் செய்கிற முதல் தப்பு.

அந்தக் காலத்து மிருகக்காட்சி சாலைகளில் ஊர்வன பெரும்பாலும் ரொம்ப நாள் உயிரோடு இருக்காது. செத்தால் அடுத்தது வாங்கி வை, அவ்வளவுதான். ப்ராக்டர் அந்த இடத்தில்தான் கையை வைத்தார். ஊர்வனவற்றுக்கென்று ஒரு புது வீடே வடிவமைத்தார். கை ட்விஸ்ட் ஆகிவிடும் அளவுக்குச் சின்னச் சின்ன விவரங்கள்! கட்டடக் கலைஞர் கை டாபர் என்பவரோடு சேர்ந்து கட்டி, 1927-ல் திறந்த கட்டடம் அது. மொத்த வீட்டையும் ஒரே சூட்டில் அவிக்காமல், கூண்டுக்குக் கூண்டு, ஒரே கூண்டிலேயே இடத்துக்கு இடம், மின்சாரத்தால் வேறு வேறு சூடு. பிராணி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம். பார்க்க வருகிறவர்கள் நிற்கும் இடம் இருட்டு, பிராணிகள் இருக்கும் இடம் வெளிச்சம், மீன் காட்சிச் சாலை மாதிரி. சாதாரணக் கண்ணாடி வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் அதை உள்ளே விடும் விசேஷக் கண்ணாடி. புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் பகலில் வெயில் காயும் ஊர்வனவற்றுக்கு உடம்பில் டி வைட்டமின் சேராது, கால்சியம் ஒட்டாது, எலும்பு ரப்பர் மாதிரி வளையும். இன்றைக்கு ஓணான் வகை வளர்ப்பவர்கள் தலைக்கு மேல் ஒரு விசேஷ விளக்கு மாட்டுகிறார்களே, அதே காரணம்தான்.

இதோடு நோய் பார்ப்பது, மருந்து கொடுப்பது, கத்தி எடுத்து அறுவை செய்வது எல்லாம் அவரே. ஆயுசு முழுக்கத் தானே நோயாளியாக இருந்தவர் இல்லையா? வலியில் இருக்கிற உடம்பு எதைத் தொட்டால் சுருங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். சரித்திரம் இல்லை.

*

இப்போது டிராகன்.

கொமோடோ டிராகன் வேறு யாருமில்லை, நம்ம உடும்பின் பெரியண்ணன். ரெண்டும் வரானஸ் என்ற ஒரே பேரினம். (உடனே யாரும் உடும்பு தேடிக் கிளம்பிடாதீங்க. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊரில் அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.) வளர்ந்த ஆண் டிராகன் இரண்டரை மீட்டருக்கு மேல் நீளம், 80 கிலோ வாக்கில் எடை. ரம்பம் மாதிரி பல். மானையும் காட்டுப் பன்றியையும் அடித்துத் தின்னும். இந்தோனேசியாவில் கொமோடோ, ரிஞ்சா, ஃபுளோரஸ் என்று சில தீவுகளில் மட்டும்தான் இருக்கிறது.

அந்தத் தீவு மக்களுக்கு அது காலம் காலமாகத் தெரியும். ஐரோப்பியருக்குத் தெரிய 1910 ஆனது. ஃபுளோரஸில் இருந்த வான் ஸ்டெய்ன் வான் ஹென்ஸ்ப்ரூக் என்ற டச்சு அதிகாரி ஏதோ 'நில முதலை' இருக்கிறதாமே என்று கேள்விப்பட்டுப் போய், ஒன்றைக் கொன்று, படத்தையும் தோலையும் ஜாவாவுக்கு அனுப்பினார். அங்கே அருங்காட்சியகத்தில் இருந்த பீட்டர் ஔவென்ஸ் 1912-ல் அதை விவரித்துப் பெயர் வைத்தார்.

அப்புறம் கிளம்பியது டிராகன் ஜுரம். 1926-ல் டக்ளஸ் பர்டன் என்ற அமெரிக்கப் பணக்காரர் ஒரு பட்டாளத்தோடு கொமோடோவுக்குப் போனார். பன்னிரண்டைக் கொன்று பதப்படுத்தியும் ரெண்டை உயிரோடும் நியூயார்க் கொண்டு வந்தார். உயிரோடு வந்த ரெண்டும் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் சீக்கிரமே செத்துப் போயின. தூரத் தீவில் ஒரு ராட்சசப் பிராணி, அதைப் பிடித்து நகரத்துக்குக் கொண்டு வருகிறார்கள், அது அங்கே செத்துப்போகிறது... எங்கேயோ கேட்ட கதையா இருக்கா? 1933-ல் வந்த கிங் காங் படத்துக்கு விதை இந்தப் பயணம்தான். படத்தை எடுத்த மெரியன் கூப்பர் பர்டனின் நண்பர்.

நியூயார்க்கில் அது கதையாகிக்கொண்டிருந்த நேரத்தில், 1927-ல், ரெண்டு டிராகன்கள் உயிரோடு லண்டனுக்கு வந்தன. ஐரோப்பாவுக்கு உயிரோடு வந்த முதல் ஜோடி. தீவுகளின் பெயரையே வைத்து ஒன்றுக்கு சும்பா, இன்னொன்றுக்கு சும்பாவா. வந்து இறங்கியது ப்ராக்டரின் புது வீட்டில். இங்கேதான் கதை கிங் காங் பாதையில் இருந்து விலகுகிறது.

உலகம் எதிர்பார்த்தது கர்ஜிக்கும் பூதத்தை. ப்ராக்டர் பார்த்தது ஒரு பெரிய, கெட்டிக்காரப் பல்லியை. கையால் ஊட்டினார். தடவிக் கொடுத்தார். சொறிந்து கொடுத்தார். கொஞ்ச நாளில் சும்பாவா அவர் கூடவே தோட்டத்தில் நடந்து வர ஆரம்பித்தது.

1928 அக்டோபர் 23. லண்டன் விலங்கியல் சங்கத்தின் அறிவியல் கூட்டம். பெரிய பெரிய ஆசாமிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ப்ராக்டர் கட்டுரை வாசிக்க வந்தபோது சும்பாவாவையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்து முதலைக் குட்டி ஞாபகம் வருகிறதா? அதே பொண்ணுதான் :-) அத்தனை பேருக்கு நடுவில் அது அவர் கையில் இருந்து ஒரு பெரிய கோழி, சில முட்டைகள், ஒரு புறா எல்லாவற்றையும் வாங்கித் தின்றது. தின்னும்போதே அவர் அதைத் தட்டிக் கொடுத்துச் சொறிந்துகொண்டிருந்தார். இரை வாயில் இருக்கும்போது நம்ம தெருநாயின் முதுகில் கை வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசித்தது ஒன்று. அவர் ஏமாந்த சோணகிரி இல்லை. இந்தப் பிராணி நினைத்தால் ஆளைக் கொல்லும், பயங்கரமாகக் கடிக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். அதே மூச்சில், நாய் மாதிரிப் பழகுகிறது, பாசம் காட்டுவது மாதிரிகூட இருக்கிறது என்றும் எழுதினார். கவனிங்க, 'மாதிரி'. ரெண்டையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துக்கொள்ளத் தெரிந்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

*

அது பாசம்தானா? நம்ம மக்கள் கேட்கத்தானே செய்வீங்க.

ப்ராக்டருக்கு அறுபது சொச்சம் வருஷம் கழித்து இதுக்குப் பாதிப் பதில் கிடைத்தது. 1992-ல் அமெரிக்காவில், வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலையின் முட்டைகளில் இருந்து, இந்தோனேசியாவுக்கு வெளியே முதன்முறையாகக் கொமோடோ குட்டிகள் பொரித்தன. அதில் ஒரு பெண் குட்டிக்குக் கிராகன் என்று பெயர். கார்டன் பர்கார்ட் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் அதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். தனக்குச் சோறு போடும் ஊழியர் யார், புது ஆள் யார் என்று கிராகனுக்குத் தெரிந்தது. ஊழியர் பாக்கெட்டில் இருந்து நோட்டுப் புத்தகத்தை மெதுவாக உருவும். ஷூவின் நாடாவை இழுக்கும். செருப்பு, வாளி, வளையம் எது கிடைத்தாலும் உருட்டி விளையாடும். தின்னும் அவசரத்தில் செய்வது இல்லை, எலி ரத்தத்தைத் தடவினால் மட்டும்தான் அதைச் சாப்பாடாக நினைத்து நடந்துகொண்டது. ஊர்வன விளையாடும் என்பதே பலருக்கு அதுவரை நம்ப முடியாத சங்கதி.

ஆக, ஆளை அடையாளம் தெரியும். பயமில்லாதபோது ஆர்வம் வரும். அதுக்குப் பேர் பாசமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம்தான். பயம் போன இடத்தில் வந்து உட்கார்ந்த ஒரு நிம்மதி என்று சொல்லலாம். எனக்கு அதுவே போதும் என்று படுகிறது.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. 2001-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மிருகக்காட்சி சாலையில் ஒரு பிரபல நடிகையின் கணவர், பத்திரிகை ஆசிரியர், சாது என்று பெயரெடுத்த டிராகனைக் கிட்டே பார்க்கக் கூண்டுக்குள் போனார். வெள்ளை ஷூவைப் பார்த்தால் வெள்ளை எலி என்று நினைத்துக்கொள்ளும், கழற்றிவிடுங்கள் என்றார்கள். கழற்றினார். வெள்ளைக் கால் தெரிந்தது. கடித்துவிட்டது. காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதன் கடியில் வெறும் அழுக்குக் கிருமி மட்டுமில்லை, விஷச் சுரப்பியே இருக்கிறது என்று பிரையன் ஃப்ரையும் மற்றவர்களும் எழுதியது 2009-ல். ப்ராக்டர் காலத்தில் யாருக்கும் அது தெரியாது.

பிராணியின் மேல் இதில் தப்பே இல்லை. அது ப்ராக்டருக்குப் பழகியது அவருக்கு மட்டும்தான், அவர் வழக்கமாக வரும் விதத்துக்கு மட்டும்தான். 'சாது' என்பது பிராணியின் நெற்றியில் ஒட்டின லேபிள் இல்லை. ஒரு பிராணிக்கும் ஒரு கைக்கும் நடுவில் நாள்கணக்கில் சேர்ந்த கணக்கு. வேறு கை வந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஆரம்பம்.

இன்றைக்குப் பல மிருகக்காட்சி சாலைகளில் கொமோடோவுக்குக் குச்சி முனையில் ஒரு பந்தைக் காட்டிப் பழக்குகிறார்கள். பந்தை மூக்கால் தொட்டால் இரை. அதைப் பின்தொடர்ந்து அது தானே நடந்து வந்து நிற்கும். நாலு பேர் அமுக்கிப் பிடிக்காமலே நகம் வெட்டலாம், ரத்தம் எடுக்கலாம், ஸ்கேன் பார்க்கலாம். பிராணியின் சம்மதத்தோடு தொடுவது. 1928-ல் கோழியை நீட்டிக்கொண்டே முதுகைச் சொறிந்த அந்தக் கையின் பேரப்பிள்ளைகள் இவை என்று எனக்குத் தோன்றும்.

*

ப்ராக்டரின் உடம்பு மட்டும் கடைசிவரை அவரிடம் பழகவே இல்லை. அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. கடைசி வருஷங்களில் மிருகக்காட்சி சாலையைச் சுற்றிவரச் சக்கர நாற்காலி வேண்டியிருந்தது. வேலையை விடவில்லை. 1931-ல் சிகாகோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. காலேஜுக்குப் போக முடியாத பெண்ணுக்கு! அதே வருஷம் செப்டம்பர் 20-ம் தேதி போய்ச் சேர்ந்தார். வயசு முப்பத்திநாலு. நாமெல்லாம் அந்த வயசில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அவர் கட்டிய வீடு நூறு வருஷம் கிட்டத்தட்ட அதே வேலைக்குத்தான் பயன்பட்டது. 2024-ல்தான் லண்டனில் ஊர்வனவற்றுக்குப் புது இடம் திறந்தார்கள். காட்டில் இருக்கும் கொமோடோ டிராகனோ 2021-ல் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலுக்கு வந்துவிட்டது. கடல் மட்டம் ஏறினால் அதன் தாழ்வான இடங்கள் போய்விடும் என்பது ஒரு காரணம்.

*

நிற்க. பையனுக்கு என்ன சொன்னேன்?

அவனிடம் இருப்பது டிராகன் இல்லை, இருபது சென்டிமீட்டர் பல்லி. அதன் முன்னோர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட பாறை நிலத்துக்காரர்கள். நாய்க்கு மனுஷனோடு பல ஆயிரம் வருஷ சகவாசம். இதுக்கு வீட்டுத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய ஆரம்பித்து ஐம்பது வருஷம்தான் ஆகிறது. கை என்றால் நல்லது என்ற ஞாபகம் அதன் ரத்தத்தில் இல்லை. ஒவ்வொரு பல்லியும் புதுசாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதனால் முதலில் வீடு, அப்புறம்தான் கை என்றேன். தொட்டியில் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, ரெண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு குகை, ஈரமாக ஒரு மூலை. வால் ஆறும்வரை தொடவே தொடாதே. மண்ணை எடுத்துவிட்டுப் பேப்பர் விரி. இரையை வை, தண்ணி மாற்று, போய்விடு. நீ வந்தால் ஒன்றும் கெட்டது நடக்காது என்று அதுக்கு முதலில் தெரியட்டும். ஆறின பிறகு சாயங்காலத்தில், அது தானாக வெளியே வரும் நேரத்தில், கையை உள்ளே தரையோடு தரையாக வைத்துவிட்டுச் சும்மா இரு. மேலே இருந்து கொண்டு வராதே. பக்கவாட்டில் கொண்டு வா, அது பார்க்கும்படி. நாக்கால் நக்கிப் பார்க்கும், அதுதான் அது உன்னை விசாரிப்பது. இடுக்கியில் பூச்சியை நீட்டு. என்றைக்காவது காலை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் தூக்காதே. சும்மா இரு. தூக்கும் நாள் வந்தால் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடு, ரெண்டு நிமிஷத்தில் இறக்கிவிடு, அது பயப்படும் முன்னாலேயே. வாலைத் தூக்கி மெதுவாக ஆட்டினால் 'வேண்டாம்' என்று அர்த்தம். வேண்டாம்னா வேண்டாம்தான்.

"அதுவரைக்கும் நான் என்ன செய்யறது?" என்றான்.

"உன் கையைப் பழக்கு" என்றேன். புரியவில்லை அவனுக்கு. பல்லியைப் பழக்குவது என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் நம்ம கையைப் பழக்குவதுதான், பிடிக்காமல் இருக்கப் பழக்குவது, என்று சொல்லி ப்ராக்டர் கதையைச் சொன்னேன். கணக்கு வகுப்பில் முதலைக் குட்டி இருந்த இடத்தில் சிரித்தான். முப்பத்திநாலு வயசு என்றபோது பேசாமல் இருந்தான்.

நேற்று மறுபடி கூப்பிட்டான். போனைத் தொட்டிக்கு எதிரே நிறுத்தி வைத்திருந்தான். உள்ளே அவன் கை, மல்லாந்து, அசையாமல். தூரத்தில் குகை வாசலில் ஒரு மஞ்சள் தலை, பின்னாலே ஒரு சின்ன மொட்டை வால், முளைக்க ஆரம்பித்திருந்தது. பதினைந்து நிமிஷம் பார்த்தோம். அது வரவில்லை. உள்ளேயும் ஓடவில்லை, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"கை வலிக்குது சித்தப்பா" என்று கிசுகிசுத்தான். கையை எடுக்கவில்லை.

எனக்குப் பழைய ஈர்க்குச்சிச் சுருக்கு ஞாபகம் வந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. இன்னொரு நாள் சொல்ல வேண்டும்.